ஆட்டுக்காரர்கள் கேட்ட கேள்விக்குப் பட்டாணியில் விடை கண்ட பாதிரியார்

ராமநாதபுரம் சீமையில் அறுவடை முடிந்ததும் வயல்களில் ஆட்டுக்கிடை அமர்த்துவார்கள். கண்மாய்க் கரையோரம் நூற்றுக்கணக்கான செம்மறி ஆடுகள் இரவில் அடைந்து கிடக்கும். பெரும்பாலும் வெள்ளை ஆடுகள். ராமநாதபுரம் வெள்ளை என்றே அந்த இனத்துக்குப் பெயர். கிடாவுக்கு முறுக்குக் கொம்பு உண்டு. பெட்டைக்குக் கொம்பு கிடையாது.

கிடையில் ஒரு குட்டி பிறக்கிறது. தாய் சுத்த வெள்ளை. பொலிகிடாவும் சுத்த வெள்ளை. பிறந்த குட்டிக்கோ விலாவில் செம்பழுப்புத் திட்டு! இளவட்டங்கள் வியக்கிறார்கள். கிடைக்குத் தலைவரான கீதாரி வியப்பதில்லை. இதன் பாட்டனுக்கு அந்த நிறம் இருந்திருக்கும் என்கிறார்.

தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை. சரி. ஆனால் பாட்டனைப் போலப் பேரன் வருவது எப்படி? நடுவில் ஒரு தலைமுறை முழுவதும் அந்த நிறம் எங்கே ஒளிந்திருந்தது?

நிறம் போனால் போகட்டும். எடை அப்படி அல்ல. ஒரு பெட்டை ஆடு ஈற்றுக்கு ஒரு குட்டி, எப்போதாவது இரண்டு குட்டி போடும். ஒரு கிடாவோ முப்பது, நாற்பது குட்டிகளுக்குத் தகப்பன். ஆகவே கிடாவைத் தேர்ந்தெடுப்பதில் ஏமாந்தால், அந்த ஈற்றுக் குட்டிகள் முழுவதும் ஏமாற்றம்தான். பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளம், மகளின் கல்யாணம், வட்டிக்கடன் எல்லாம் அந்தக் குட்டிகளை நம்பித்தான் இருக்கின்றன. பார்க்க ராஜா போல நிற்கும் கிடாவுக்கு நோஞ்சான் குட்டி பிறப்பதும் உண்டு. கண்ணுக்குத் தெரியாமல் அதன் உடலுக்குள் இருப்பது என்ன?

இதே கேள்வியைக் கடல்களுக்கு அப்பால் ஓர் ஊரில் ஆட்டுக்காரர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். அந்த ஊரில் இருந்த ஒரு பாதிரியார் அதற்கு விடை கண்டார். ஆட்டில் அல்ல, பட்டாணிச் செடியில்! அவர் பெயர் கிரிகோர் மெண்டல்.

கம்பளி நகரம்

ஆஸ்திரியப் பேரரசில் மொராவியா என்று ஒரு நாடு. அதன் தலைநகர் புரூன். இன்று அது செக் நாட்டில் இருக்கிறது. பெயரும் புர்னோ என்று ஆகிவிட்டது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் அது கம்பளி ஆலைகளுக்குப் பேர்போன ஊர். ஆலை ஓட வேண்டுமானால் நல்ல கம்பளி வேண்டும். நல்ல கம்பளிக்கு நல்ல ஆடு வேண்டும். ஸ்பெயின் நாட்டு மெரினோ கிடாக்களை நிறைய விலை கொடுத்து வாங்கிவந்து உள்ளூர் ஆடுகளோடு சேர்த்தார்கள்.

இதில் அவர்களுக்கு வழிகாட்டி, இங்கிலாந்தில் 1795-ம் ஆண்டு வரை வாழ்ந்த ராபர்ட் பேக்வெல் என்ற பண்ணையார். ஆணையும் பெண்ணையும் தனித்தனியே அடைத்து, எது எதோடு சேர வேண்டும் என்று தாமே முடிவு செய்தவர் அவர். கிடாவை விற்காமல் பருவத்துக்கு வாடகைக்கு விட்டுப் பணம் பார்த்த கெட்டிக்காரர்!

1814-ம் ஆண்டு புரூனில் ஆடு வளர்ப்போர் சங்கம் ஏற்பட்டது. நல்ல கிடாவின் குணம் சில குட்டிகளுக்கு வருகிறது, சில குட்டிகளுக்கு வருவதில்லை. ஏன்? ஆண்டுதோறும் கூட்டத்தில் இதுவே பேச்சு. அந்தக் கூட்டங்களில் உட்கார்ந்தவர்களில் ஒருவர் சிரில் நாப். புனித தோமையார் மடத்தின் தலைவர். மடத்துக்கு நிலமும் ஆட்டு மந்தையும் இருந்ததால் அவருக்கும் இதில் அக்கறை. 1837-ம் ஆண்டு வாக்கில் அவர் பேச்சை வேறு பக்கம் திருப்பினார். எப்படிச் சேர்ப்பது என்று பேசியது போதும். பெற்றோரிடமிருந்து குட்டிக்கு வருவது எது, அது எப்படி வருகிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றார்.

யாருக்கும் விடை தெரியவில்லை. ஆறு ஆண்டு கழித்து அந்த மடத்து வாசலில் ஓர் ஏழை மாணவர் வந்து நின்றார்.

தங்கையின் சீதனம்

மெண்டல் 1822-ம் ஆண்டு ஜூலை மாதம் ஹைன்சென்டார்ஃப் என்ற சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் யோகான். தகப்பனார் ஆன்டன் குடியானவர். சொந்தமாகக் கொஞ்சம் நிலம் இருந்தாலும் வாரத்தில் மூன்று நாள் நிலப்பிரபுவுக்குக் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். அந்த நாட்டு வழக்கம் அப்படி. மூத்தவள் வெரோனிகா, அடுத்தவன் யோகான், கடைசி தெரேசியா.

பையன் படிப்பில் சுட்டி. ஊர்ப் பள்ளியில் இருந்து வெளியூர் உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். விடுதியில் முழுச் சாப்பாட்டுக்குப் பணம் கட்ட முடியவில்லை. அரைச் சாப்பாட்டுக்குத்தான் கட்டினார்கள். வீட்டில் இருந்து வண்டி வரும்போது ரொட்டியும் வெண்ணெயும் வரும்.

1838-ம் ஆண்டு இடி விழுந்தது. மரம் உருண்டு தகப்பனார் மார்பு நசுங்கியது. பிழைத்தார், ஆனால் உழைக்கும் உடம்பாக இல்லை. பதினாறு வயதுப் பையன் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துத் தன் வயிற்றைக் கழுவிக்கொண்டான். கவலை தாங்காமல் மாதக்கணக்கில் படுக்கையில் விழுந்தான். கடைசியில் நிலத்தை மூத்த மருமகன் பெயருக்கு மாற்றினார்கள்.

மேல்படிப்புக்கு என்ன செய்வது? அப்போது தங்கை தெரேசியா முன்வந்தாள். சொத்தில் தன் கல்யாணத்துக்கு என்று ஒதுக்கியிருந்த பங்கில் ஒரு பகுதியை அண்ணன் படிப்புக்குக் கொடுத்துவிட்டாள்! மெண்டல் அதை மறக்கவில்லை. பிற்காலத்தில் அவளுடைய மூன்று பிள்ளைகளையும் தம் செலவில் படிக்கவைத்தார். அவர்களில் இருவர் டாக்டர்கள் ஆனார்கள்.

அந்தப் பணமும் நெடுநாள் போதவில்லை. சாப்பாட்டுக் கவலை இல்லாமல் படிக்க ஒரே வழி மடம்தான். 1843-ம் ஆண்டு புரூன் மடத்தில் சேர்ந்தார். அங்கே கிடைத்த பெயர்தான் கிரிகோர்.

நோயாளிகளைப் போய்ப் பார்ப்பது பாதிரிமார் கடமை. மெண்டலால் அது முடியவில்லை. பிறர் வேதனையைப் பார்த்தால் அவரே நோயாளி ஆகிவிடுவார். மடத்தலைவர் நாப் இதைக் கண்டு, பள்ளிக்கூட வாத்தியார் வேலைக்கு அனுப்பினார். மெண்டல் நல்ல வாத்தியார். ஆனால் நிரந்தர வேலைக்குத் தேர்வு எழுத வேண்டும். 1850-ல் எழுதினார். தேறவில்லை. நாப் அவரை வியன்னா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். அங்கே பௌதிகம், கணக்கு, தாவர இயல் படித்தார். 1856-ல் மீண்டும் தேர்வுக்குப் போனார். பாதியில் நோயோடு திரும்பினார். கடைசி வரை தற்காலிக வாத்தியார்தான்! உயிரியல் பாடப் புத்தகத்தில் இன்று அவர் பெயர் இல்லாத நாடு இல்லை.

ஆறு சென்ட் தோட்டம்

தேர்வில் தோற்ற அதே 1856-ம் ஆண்டு, மடத்துத் தோட்டத்தில் அவர் பட்டாணி ஆராய்ச்சியைத் தொடங்கினார். தோட்டம் பெரிது அல்ல. நம் கணக்கில் சுமார் ஆறு சென்ட்.

பட்டாணியை ஏன் எடுத்தார்? ஆட்டைச் சேர்த்தால் குட்டிக்கு ஐந்து மாதம் காத்திருக்க வேண்டும். கிடைப்பது ஒரு குட்டி. பட்டாணியோ ஒரே பருவத்தில் நூற்றுக்கணக்கில் விதை தரும். குணங்களும் பளிச்சென்று தெரியும். விதை ஒன்று உருண்டை, இல்லாவிட்டால் சுருக்கம். மஞ்சள், இல்லாவிட்டால் பச்சை. செடி நெட்டை, இல்லாவிட்டால் குட்டை. இப்படி ஏழு குணங்களை எடுத்துக்கொண்டார். அதற்கு முன்பே இரண்டு ஆண்டு விதைகளைச் சோதித்து, தலைமுறைக்குத் தலைமுறை மாறாமல் வரும் வகைகளை மட்டும் வைத்துக்கொண்டார்.

வேலை நுட்பமானது. பூ விரியும் முன்பே அதைப் பிரித்து மகரந்தப் பையை வெட்டி எடுக்க வேண்டும். வேறு செடியின் மகரந்தத்தைத் தூரிகையால் தடவ வேண்டும். வண்டு வந்து கெடுக்காமல் பையால் மூட வேண்டும். எட்டு ஆண்டுகள் இதைச் செய்தார். சுமார் 28 ஆயிரம் செடிகள்!

உருண்டை விதைச் செடியையும் சுருக்க விதைச் செடியையும் சேர்த்தார். பிறந்த விதை எல்லாம் உருண்டை. சுருக்கம் அடியோடு மறைந்துவிட்டது. அந்த விதைகளை விதைத்து, தாமாகவே காய்க்க விட்டார். இப்போது கிடைத்தவை 7,324 விதைகள். ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணினார். உருண்டை 5,474. சுருக்கம் 1,850. மறைந்தது திரும்பி வந்துவிட்டது! மஞ்சள், பச்சையிலும் அப்படியே. 8,023-ல் மஞ்சள் 6,022, பச்சை 2,001. எந்தக் குணத்தை எடுத்தாலும் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று.

அவருக்கு முன்னும் பலர் செடிகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். யாரும் உட்கார்ந்து எண்ணவில்லை.

இரண்டு பங்கு

மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் இருந்து மெண்டல் கண்டது இதுதான். ஒவ்வொரு குணத்துக்கும் ஒவ்வொரு உயிரிடமும் இரண்டு பங்கு உண்டு. ஒன்று தகப்பன் தந்தது. இன்னொன்று தாய் தந்தது. அந்த உயிர் தன் பிள்ளைக்குக் கொடுக்கும்போது இரண்டையும் கொடுப்பது இல்லை. ஏதாவது ஒன்றைத்தான் கொடுக்கும். எது போகும் என்பது காசு சுண்டிப் பார்ப்பது போல.

இரண்டு பங்கும் வேறு வேறாக இருந்தால் ஒன்று மேலோங்கி நிற்கும். மற்றொன்று ஒளிந்துகொள்ளும். பள்ளிப் புத்தகத்தில் ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என்று படிப்பது இதைத்தான். ஒளிந்த பங்கு அழிவது இல்லை, கரைவதும் இல்லை. பாலில் தண்ணீர் கலப்பது போலத் தாய் தகப்பன் குணங்கள் கலந்துபோகின்றன என்றுதான் அதுவரை எண்ணியிருந்தார்கள். மெண்டல் கண்டது வேறு. அவை கலப்பது இல்லை. நெல்லும் உளுந்தும் ஒரே மூட்டையில் இருப்பது போல இருக்கின்றன. பிரித்தால் பழையபடி நெல் நெல்தான், உளுந்து உளுந்துதான்.

நாப் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கிடாக்களில் ஒன்று கெட்ட பங்கை ஒளித்துவைத்திருக்கலாம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பிள்ளைகளை எண்ணித்தான் சொல்ல முடியும்.

கைதட்டல் இல்லை

1865-ம் ஆண்டு பிப்ரவரியிலும் மார்ச்சிலும் புரூன் இயற்கை அறிவியல் சங்கத்தில் இரண்டு மாலைகள் மெண்டல் தம் ஆராய்ச்சியைப் படித்தார். பூவைப் பற்றிப் பேச வந்தவர் கூட்டல், பெருக்கல் கணக்குப் போட்டது பலருக்கும் புரியவில்லை. 1866-ல் சங்கத்தின் ஏட்டில் கட்டுரை வெளிவந்தது. தனிப் பிரதிகள் நாற்பது வாங்கி அறிஞர்களுக்கு அனுப்பினார்.

மதித்துப் பதில் எழுதியவர் மியூனிக் நகரத்துப் பேராசிரியர் நெகேலி. அதுவும் உபத்திரவமாக முடிந்தது. பட்டாணியை விட்டு ஹாக்வீட் என்ற காட்டுப் பூவில் சோதித்துப் பார்க்கும்படி தூண்டினார். பொடிப் பொடிப் பூக்கள். கண்ணாடி வைத்துப் பார்த்துப் பார்த்து மெண்டலின் கண் கெட்டது. கணக்கும் வரவில்லை. எப்படி வரும்? பெரும்பாலும் அந்தப் பூ மகரந்தம் சேராமலே விதை வைக்கும். அந்தச் சூட்சுமம் அப்போது இருவருக்கும் தெரியாது.

1868-ல் நாப் இருந்த இடத்துக்கு மெண்டலே மடத்தலைவர் ஆனார். ஓய்ந்த நேரத்தில் தேனீ வளர்த்தார். பல நாட்டு இனங்களை வரவழைத்துக் கலப்பினம் உண்டாக்கப் பார்த்தார். ராணித் தேனீ வானத்தில் பறந்து, தானே துணை தேடிக்கொள்ளும். யாரோடு சேர்ந்தது என்று யார் கண்டது? அதுவும் கைகூடவில்லை.

1874-ம் ஆண்டு மடங்களுக்கு அரசாங்கம் புதிய வரி போட்டது. அநியாய வரி, கட்ட மாட்டேன் என்றார் மெண்டல். சொத்தைப் பறிமுதல் செய்தார்கள். அசையவில்லை. மற்ற மடங்கள் இணங்கிப் போயின. அவர் மட்டும் பத்து ஆண்டு தன்னந்தனியே மல்லுக்கு நின்று உடம்பைக் கெடுத்துக்கொண்டார். 28 ஆயிரம் செடியை எண்ணிய அதே பிடிவாதம், இங்கே வீணாயிற்று.

1884-ம் ஆண்டு ஜனவரி 6-ம் தேதி சிறுநீரக நோயால் இறந்தார். வயது 61. இறுதிச் சடங்கில் இசை நடத்தியவர் யானாச்செக். அந்த இளைஞர் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற இசைமேதை ஆனார். ஊரார் அன்று அழுதது ஏழைகளுக்கு உதவிய மடத்தலைவருக்காக, விஞ்ஞானிக்காக அல்ல. அவருடைய ஆராய்ச்சிக் குறிப்புகளைப் பெரும்பாலும் தீயிட்டு அழித்துவிட்டார்கள்.

16 ஆண்டு கழித்து, 1900-ல், டச்சுக்காரர் டிவ்ரீஸ், ஜெர்மானியர் காரன்ஸ், ஆஸ்திரியர் செர்மாக் மூவரும் தனித்தனியே அதே கணக்கைக் கண்டார்கள். பழைய ஏடுகளைப் புரட்டினால், தங்களுக்கு முன்பே ஒருவர் அதை எழுதிவைத்திருக்கிறார்! இரண்டே ஆண்டில் இங்கிலாந்தில் பேட்சன் என்பவர் கோழிக் கொண்டையிலும் மெண்டலின் கணக்கு வருவதைக் காட்டினார். பட்டாணி விதி பண்ணைக்குள் நுழைந்துவிட்டது.

ஒரு காளையின் கதை

கொண்டை ஓரிரு பங்கில் முடிந்துவிடும். பாலும் எடையும் அப்படி அல்ல. சில்லறைக் காசு சேர்ந்து ரூபாய் ஆவது போல ஆயிரக்கணக்கான சிறு பங்குகள் சேர்ந்துதான் அவை ஆகின்றன. 1918-ல் இங்கிலாந்தின் ஃபிஷர் இதைக் கணக்கில் காட்டினார். ஆகவே ஒரு பொலிகாளை நல்லதா என்று அறிய, அதன் மகள்கள் பிறந்து, வளர்ந்து, கன்று ஈன்று, பால் கறக்கும் வரை ஐந்தாறு ஆண்டு காத்திருந்தார்கள்.

காத்திருந்தும் ஏமாந்த கதை உண்டு. அமெரிக்காவில் 1962-ல் பிறந்த ஹோல்ஸ்டீன் காளை ஒன்று. சீஃப் என்று கூப்பிடுவார்கள். அதன் மகள்கள் 16 ஆயிரம். எல்லாம் பாலைக் கொட்டின. அதன் உறைவிந்து நாடு நாடாகப் போயிற்று. ஆனால் அதன் உடலில் ஒரு கெட்ட பங்கு ஒளிந்திருந்தது. ஒரு பங்கு மட்டும் இருந்தால் கெடுதல் இல்லை. அதன் வம்சத்துக்குள்ளேயே சேர்க்கை நடந்து, கருவுக்கு இரண்டு பக்கமும் அந்தப் பங்கே வந்தால் கரு வயிற்றிலேயே இறந்துவிடும். 2011-ல்தான் இது தெரிந்தது. அதற்குள் உலகமெங்கும் சுமார் ஐந்து லட்சம் கன்றுகள் பிறக்காமலே போயிருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நஷ்டம் 42 கோடி டாலர்!

ஒளிந்த பங்கைப் பிள்ளை பிறக்கும் முன்பே பார்க்க முடியுமா? முடியும். மெண்டல் சொன்ன பங்கை இன்று மரபணு என்கிறோம். அது உடலின் ஏறக்குறைய ஒவ்வொரு உயிரணுவிலும் டி.என்.ஏ. என்ற நீண்ட இழையில் இருக்கிறது. அந்த இழையில் ஆட்டுக்கு ஆடு, மாட்டுக்கு மாடு வேறுபடும் இடங்கள் பல. சில ஆயிரம் மாடுகளின் பாலைப் பதிவு செய்து, ஒவ்வொன்றிலும் அந்த இடங்களைப் படித்து, எந்த இடம் பாலைக் கூட்டுகிறது, எது குறைக்கிறது என்று கம்ப்யூட்டர் மதிப்புப் போடும். பிறகு, பிறந்த கன்றின் காதில் துளி சதை எடுத்தால் போதும். மதிப்புகளைக் கூட்டி அதன் தரத்தை அன்றே சொல்லிவிடலாம். இந்த முறையை 2001-ல் மியூவிசன், ஹேய்ஸ், கோடார்ட் என்ற மூவர் வகுத்தார்கள். 2009-ல் அமெரிக்கப் பால் மாடுகளில் அதிகாரபூர்வமாக நடைமுறைக்கு வந்தது.

இந்தியாவில் நாட்டு மாடுகளுக்கென்று 2021-ல் இண்டிகௌ என்ற மரபணுச் சில்லு வெளிவந்தது. 11,496 இடங்களை அது படிக்கும். 2024 அக்டோபரில் மாட்டுக்கு கௌ சிப், எருமைக்கு மகிஷ் சிப் என்று இரண்டு வந்தன.

கிடைக்கு வருமா?

ராமநாதபுரம் கிடைக்கு இது பயன்படுமா? சில்லு மட்டும் வந்தால் பயன்படாது. எந்தக் குட்டி எந்தக் கிடாவுக்குப் பிறந்தது, மூன்று மாதத்தில் எத்தனை கிலோ, ஆறு மாதத்தில் எத்தனை கிலோ என்று ஆயிரக்கணக்கான குட்டிகளுக்கு எழுதிவைத்திருந்தால்தான் சில்லு படித்ததற்குப் பொருள் உண்டு. மந்தையில் பல கிடா ஓடும்போது தகப்பன் யார் என்பதே தெரியாது. காதில் எண் போட்ட தோடும், ஒரு நோட்டுப் புத்தகமும், தராசும் முதலில் வேண்டும். மெண்டலிடம் இருந்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

பணம் செலவில்லாத ஒரு காரியம் இன்றைக்கே செய்யலாம். கால்நடை டாக்டர்கள் நெடுநாளாகச் சொல்லி வருவதுதான். ஒரே கிடாவைப் பல ஆண்டு வைத்திருந்தால் அது தன் மகள்களோடும் பேத்திகளோடும் சேரும். ஒளிந்திருக்கும் கெட்ட பங்குகள் இரண்டு பக்கமும் வந்து கூடும். குட்டி மெலியும், சாகும். ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கிடாவை மாற்ற வேண்டும், அதுவும் தூரத்துக் கிடையில் இருந்து.

இதே பேச்சு கடலோரத்திலும் உண்டு. மண்டபத்தில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் 2010-ல் கடல் விரால் மீனை வளர்த்து முட்டையிடச் செய்து குஞ்சு எடுத்தார்கள். குஞ்சு எடுக்கத் தொடங்கிவிட்டால், எந்த மீனைத் தாயாக வைப்பது என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

மெண்டல் பிறந்து 200 ஆண்டு நிறைவதை ஒட்டி, 2021-ல் புர்னோ விஞ்ஞானிகள் அவருடைய கல்லறையைத் திறந்தார்கள். எலும்பில் இருந்து டி.என்.ஏ. எடுத்தார்கள். அவர் கைபட்ட பொருள்களில் எஞ்சியிருந்ததோடு ஒப்பிட்டு அவர்தான் என்று உறுதி செய்தார்கள். பிறகு அதை முழுவதும் படித்தார்கள். சர்க்கரை நோய்க்கும் இருதய நோய்க்கும் இடம் தரும் பங்குகள் இருந்தன. வலிப்பு நோயோடு தொடர்புள்ள ஒன்றும் இருந்தது. இளமையில் அவரை அடிக்கடி படுக்கையில் தள்ளிய நரம்புத் தளர்ச்சிக்கு அது காரணமாக இருக்கலாம் என்று கருதினார்கள். அவர் உயிரைக் குடித்த சிறுநீரக நோய்க்கு இடம் தரும் பங்கும் அதில் எழுதியிருந்தது.